மாலை போட்ட படத்தில் இருப்பவர் யார்?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ராணுவக்காரர் படம் மாட்டியிருக்கும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கேதான். ஆயா, அதாவது என் பாட்டி, தினமும் காலையில் அதற்குப் பூ வைப்பார். "எங்கப்பா. பர்மா சண்டைக்குப் போனவரு" என்பார். அவருக்கு ஐந்து வயதிருக்கும்போதே அவர் அப்பா இறந்துவிட்டார். முகம் ஞாபகமில்லை. ராயபுரத்தில் இருந்த ஆயாவின் அத்தை இறந்த பிறகு, அங்கிருந்து வந்த சாமான்களோடு சேர்ந்து வந்த படம் அது.

போன மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறி, படத்தின் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. நான் ஆல்பம் டிசைன் வேலை செய்கிறேன், பழைய படங்களைச் சரிசெய்வது எனக்குத் தினசரி வேலை. இதையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்று சட்டத்தைக் கழற்றினேன். படத்தின் கீழ் மூலை கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இப்படி ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள். படம் கண்ணாடியிலேயே தங்கிவிடும், தாள்தான் கையோடு வரும். கண்ணாடியோடு சேர்த்தே 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இடது பாக்கெட்டுக்கு மேலே ஒரே வரிசையில் நாலு ரிப்பன் துண்டுகள் தெரிந்தன, ஒவ்வொன்றும் ஒரு பதக்கத்துக்கு அடையாளம். அதே வாரம் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் அவர் அப்பாவின் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டும் கிடைத்தது. பாதி கிழிந்த தாள். படையில் சேர்ந்தது 1943 ஜூலை என்பதும் 'பர்மா' என்ற சொல்லும் மட்டும் தெளிவாக இருந்தன. ஆயா சொன்னது சரிதான் என்று காட்ட, ரிப்பன்களில் பர்மா போருக்கான பதக்கமான பர்மா ஸ்டாரைத் தேட ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு வாரம் வீணாகப் போயிற்று. சித்தப்பா வீட்டில் இதே படத்தின் நகல் ஒன்று இருந்தது, இன்னும் தெளிவானது. பல வருடம் முன்பு ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்த நகல். அதை வைத்துக்கொண்டுதான் வரிசையைப் படித்தேன். எந்தப் பட்டியலோடும் பொருந்தவே இல்லை. ஒருநாள் ராத்திரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது, நகலில் ரிப்பன்கள் வலது மார்பில் இருந்தன. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். ரிப்பன் படிக்கப் போகிறவர்கள் முதலில் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடது பக்கத் துணிதான் மேலே வரும். போர்ப் பதக்க ரிப்பன்கள் இடது மார்பில் இருக்கும், அதில் உயர்ந்தது நெஞ்சின் நடுப்பக்கம். அதாவது படத்தைப் பார்க்கும் நமக்கு இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் நிறம். ரிப்பன் என்பதே நிறம்தான், படமோ கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்து ஃபிலிம்களில் ஒரு வகைக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்து விழும். இன்னொரு வகை நம் கண் பார்ப்பதுபோல ஓரளவு ஒழுங்காகக் காட்டும். எந்த ஃபிலிம் என்று தெரியாமல் "இது கறுப்பு, அதனால் கருநீலம்" என்று முடிவுகட்டினால் தப்பாகிவிடும்.

இதற்கு விடை படத்துக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் களத்தில் ஆறு மாதம் இருந்த தரைப்படை வீரர்களுக்கு 1939-45 ஸ்டார் உண்டு. வரிசையில் அதுதான் முதலில் வரும். அதன் ரிப்பனில் சம அகலத்தில் மூன்று பட்டைகள்: கடற்படைக்குக் கருநீலம், தரைப்படைக்குச் சிவப்பு, விமானப்படைக்கு வெளிர்நீலம். கருநீலம் இடது தோளுக்குத் தூரமாக இருக்க வேண்டும். எங்கள் படத்தில் முதல் ரிப்பன் சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று இருந்தது. நடுப்பட்டைதான் அதிகக் கறுப்பு. அப்படியென்றால் இந்த ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது.

கடைசி ரிப்பன் இதையே உறுதி செய்தது. அது வார் மெடல், இரண்டாம் உலகப் போருக்கான பொதுவான பதக்கம். ஓரங்களில் சிவப்பு, உள்ளே நீலம், அதற்குள் வெள்ளை, நட்டநடுவில் மெல்லிய சிவப்புக் கோடு. படத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஊசி நுனியால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. ஓரங்கள் கறுப்பு, நீலம் சாம்பல். இந்த இரண்டு ரிப்பன்களும் கையில் இருந்தால் போதும், அந்தப் படத்தில் எந்த நிறம் எப்படி விழும் என்ற கணக்கு கிடைத்துவிடும். அந்தப் பதக்கம் அறிவிக்கப்பட்டது 1945 ஆகஸ்ட் மாதம், அதனால் படம் அதற்குப் பிறகு எடுத்தது என்பதும் தெரிந்துபோயிற்று.

மிச்சம் நடுவில் இரண்டு. இரண்டாவது ரிப்பனில் வெளிறிய தரை, நடுவில் அகலமான கறுப்புப் பட்டை. ஆப்பிரிக்கா ஸ்டார். பாலைவன மணல் நிறத் துணி, நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் மெல்லிய நீலக் கோடுகள். அதன் மேல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தது. வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்தில் இருந்தவர்கள் இந்த ரிப்பனில் வெள்ளி நிறத்தில் '8' என்ற எண்ணைக் குத்திக்கொள்வார்கள். அதுவாக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது படத்தின் மேல்தோல் உதிர்ந்த இடமாகத்தான் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. பர்மா ஸ்டார் ரிப்பனும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்: கருநீலம், நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு நீலத்திலும் சூரியனுக்காக ஒவ்வொரு ஆரஞ்சுக் கோடு. இத்தாலி ஸ்டாரோ அந்நாட்டுக் கொடியின் நிறங்களில் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு, ஐந்தும் சம அகலம். இரண்டின் நிறப்படங்களையும் கணினியில் ஏற்றி, சிவப்புச் சேனலை அணைத்துவிட்டு, நீலமும் பச்சையும் மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கினேன். பர்மா ஸ்டாரின் ஆரஞ்சு மங்கி நீலத்தோடு கலந்துவிட்டது. ஓரம் சாம்பல், நடு கறுப்பு, பளிச்சென்ற கோடு எதுவும் இல்லை. இத்தாலி ஸ்டாரில் இரண்டு வெள்ளையும் பளிச்சென்று நின்றன, ஓரங்கள் கறுத்திருந்தன. அப்படியே எங்கள் படத்தில் இருந்ததுபோல.

பழைய நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் ராயபுரத்தில் இருக்கிறார். அவரிடம் நிஜ இத்தாலி ரிப்பன் துண்டு ஒன்று இருந்தது. 32 மில்லிமீட்டர் அகலம். அதைக் கையில் வாங்கி, படத்தின் பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பட்டை பட்டையாக ஒப்பிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "முதல்ல ஆப்பிரிக்கா போயிட்டு அப்புறம் பர்மா போனவங்க இல்லியா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஐந்தாவது இந்திய டிவிஷன் அப்படி இரண்டு இடத்திலும் போரிட்டிருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்கா ஸ்டாருக்குக் கணக்கில் எடுக்கும் போர்க்காலம் 1943 மே 12-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. ஆயாவின் அப்பா படையில் சேர்ந்ததே அதற்கு இரண்டு மாதம் கழித்து. படத்தில் இருப்பவர் அவராக இருக்க வழியே இல்லை.

அப்படியென்றால் யார்? ஆயாவின் அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவரும் பட்டாளத்துக்குப் போனவர்தான். கல்யாணம் ஆகவில்லை. போர் முடிந்து வந்து ஓரிரு வருடத்தில் அவரும் போய்விட்டார். ராயபுரத்து அத்தை இவர்கள் இரண்டு பேருக்கும் கடைசித் தங்கை. அவருக்கு இரண்டு பேருமே 'அண்ணன்'தான். "அண்ணன் படம்" என்று அவர் சொல்லி வந்ததை, அப்பா இல்லாமல் வளர்ந்த பெண் தன் அப்பா என்று எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு? வடசென்னையில் சண்டை என்றாலே பர்மாதான். பர்மா பஜார், பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடை, வியாசர்பாடிக்கு அகதிகளாக வந்தவர்கள் என்று சுற்றிலும் அந்தப் பேர்தான் காதில் விழும். இத்தாலி யாருக்கு ஞாபகம் வரும்?

ஆயாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நேரடியாகச் சொல்ல வாய் வராமல், "ஆயா, உன் அத்தை சண்டையைப் பத்தி என்னவாவது சொல்லுமா?" என்று கேட்டேன்.

"சொல்லும். அண்ணனுக்குப் பனியில காலு வெறச்சிப் போச்சாம். பெங்களூர்ல இருந்து மணியார்டர் வருமாம்."

இதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். பனி என்றால் நமக்கு மார்கழிப் பனிதான், பர்மா மலையில் குளிராக இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அது உறைபனி. இத்தாலி மலைகளின் குளிர்காலம். பெங்களூர் என்றால் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸாக இருக்கலாம், அவர்களின் தலைமையிடம் அங்கேதான். இத்தாலியில் நம் ஊர் சாப்பர்கள் இருந்தார்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் அங்கே கண்ணிவெடி மேல் தானே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். படத்தில் இருப்பவரின் படை எண் எங்களிடம் இல்லை. பெயரையும் ஊரையும் மட்டும் எழுதி பெங்களூருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு எல்லாவற்றையும் ஆயாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"பெரியப்பாவா" என்றார். அப்புறம், "அவருக்கு யாரு இருக்காங்க, நாம்பதான் வெக்கணும். மாலையை எடுக்காதே."

நான் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பனுக்கு அந்த பர்மா ரிப்பன்னு சொன்னியே, அது எப்படி இருக்கும்?"

போனில் காட்டினேன். கருநீலம், ஆரஞ்சு, சிவப்பு. அதையே பெரிசாக கலரில் பிரிண்ட் போட்டுச் சட்டம் போடச் சொன்னார். இப்போது ஹாலில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் பெரியப்பாவின் முகம், இன்னொன்றில் வெறும் ரிப்பன். தினமும் காலையில் இரண்டுக்கும் பூ வைக்கிறார்.