தகட்டில் ஓடிய விரிசல்

நான் செகண்ட் இன்ஜினியராக இருந்த ஒரு சரக்குக் கப்பலில், ஒருநாள் காலை ஃபிட்டர் வந்து, "சார், டேங்க் பக்கம் ஒரு கோடு தெரியுது, வந்து பாருங்க" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைமுடி அளவுதான் இருந்தது. பெயின்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தோம். வெள்ளையில் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. கண்ணில் பட்டதைவிட ஒரு சாண் அதிகம். இரண்டு முனையிலும் துளை போட்டோம். கூரான முனையில்தான் இழுவிசை குவியும். அதை வட்டமாக்கிவிட்டால் விரிசல் மேலே ஓடாது. அப்புறம்தான் வெல்டிங்.

அன்று இரவு எனக்கு நெமிசிஸ் ஞாபகம் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1839-இல் இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டில், லேர்ட் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய இரும்புக் கப்பல் அது. 184 அடி நீளம், 60 குதிரைத்திறன் இன்ஜின் இரண்டு, இருபுறமும் துடுப்புச் சக்கரம். ஆறடி ஆழம் இருந்தால் ஆற்றுக்குள்ளேயே போய்விடும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த முதல் இரும்புக் கப்பலும் அதுதான்.

முனையைத் தாண்டியதும், 1840 ஜூலையில், பெருங்கடல் அலைகள் அதைப் போட்டு முறித்தன. சக்கரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் தகடு கிழிந்தது. முதலில் சிறிதாக இருந்த பிளவு, நீண்டு நீண்டு ஏறக்குறைய 7 அடியானது. அலை தூக்கும்போதெல்லாம் விரிந்து மூடும் அந்தப் பிளவை வைத்துக்கொண்டு இன்ஜின் ஓட்டியவர்களை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். அவர்களிடம் வெல்டிங் கிடையாது, சாயம் கிடையாது. மரமும் போல்ட்டும் வைத்து இழுத்துப் பிடித்து, இன்றைய மொசாம்பிக்கில் இருக்கும் டெலகோவா விரிகுடா வரை கொண்டுவந்தார்கள். அங்கே கேப்டன் வில்லியம் ஹட்சன் ஹால் கப்பலைப் பழுதுபார்த்து, பக்கங்களுக்கு வலுவூட்டிய பிறகுதான் பயணம் தொடர்ந்தது.

இலங்கையின் காலித் துறைமுகம் வழியாக நவம்பரில் சீனக் கரையிலுள்ள மக்காவ் சேர்ந்து, பிரிட்டன் சீனாவோடு நடத்திய அபினிப் போரில் அது சீனர்களுக்குச் செய்ததை என்னால் மன்னிக்க முடியாது. இந்திய மண்ணில் விளைந்த அபினிக்காக நடந்த போர் அது. ஆனாலும் டெலகோவாவில் சுத்தியல் பிடித்த கைகள் எனக்கு அந்நியமில்லை.

எங்கள் வெல்டிங்கின் இரு ஓரத்திலும் சாக்பீஸால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்தேன். துறைமுகம் சேரும்வரை வாட்ச் (காவல் முறை) மாறும்போதெல்லாம் டார்ச்சோடு இறங்கி, கோட்டைத் தாண்டி ஏதாவது ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன்.