மொக்தார் டஹாரியின் 89

அனைத்துலகக் காற்பந்தில் அதிகக் கோல் போட்டவர்கள் பட்டியலை அடிக்கடி யாராவது வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். முதல் மூன்று பெயரோடு பேச்சு முடிந்துவிடும். ரொனால்டோ 130ஐத் தாண்டிவிட்டார், மெஸ்ஸி 100ஐக் கடந்துவிட்டார், ஈரானின் அலி டாயி 108. விரலை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்துங்கள். சுனில் சேத்ரிக்குப் பிறகு ஒரு மலேசியக் கொடி தெரியும். மொக்தார் டஹாரி, 142 ஆட்டம், 89 கோல். பிறந்தது இதே கோலாலம்பூரில், ஸ்தாப்பாக்கில். பெலே பிரேசிலுக்காகப் போட்டது 77. புஸ்காஸ் ஹங்கேரிக்காகப் போட்டது 84. இரண்டு பேருக்கும் மேலே நம்ம ஊர்க்காரர் நிற்கிறார். அந்த வரியை யாரும் சும்மா தாண்டிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"அந்தக் காலத்து ஆசிய அணிகள்தானே, யார் வேண்டுமானாலும் போடலாம்" என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டாலே எனக்குக் கோபம் வரும். 1975 மே மாதம் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் இங்கே வந்தது. மெர்டேக்கா அரங்கத்தில் சிலாங்கூர் தேர்வு அணி 2-0 என்று ஜெயித்தது, இரண்டு கோலும் மொக்தார். 1978இல் இங்கிலாந்து பி அணி வந்தபோது ஆட்டம் 1-1. நம் பக்கத்து கோல் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்சனலுக்கு எதிராகப் போட்ட இரண்டும் அந்த 89இல் சேராது, எதிரே ஆடியது ஒரு கிளப் என்பதால். ஆனால் அவர் யாருக்கு எதிராக வேண்டுமானாலும் கோல் போடக் கூடியவர் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் அப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு, கூட்டாளிகளோடு பஸ் ஏறி நேராக மெர்டேக்காவுக்குப் போய்விடுவார். அவர்கள் முதலில் பார்க்கப் போனது கோல்கீப்பர் ஆறுமுகத்தை. நீளக் கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று நாடே கொண்டாடிய நம்ம பிள்ளை. ஆறுமுகத்துக்காகப் போனவர்கள் திரும்பி வரும்போது பேசியதெல்லாம் மொக்தாரைப் பற்றித்தான். "பந்து காலுக்கு வந்துட்டா போதும், முன்னால உக்காந்திருக்கிறவன் எந்திரிச்சிருவான், பின்னாடி இருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார் அப்பா.

அவருடைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைக் கணக்கு எழுதும் நீளமான நோட்டு. தமிழ் நேசனிலிருந்து வெட்டிய துண்டுகளைச் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார். சில பக்கங்களில் பூச்சி அரித்து, படத்தில் பந்து மட்டும் மிச்சம். ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும் பென்சிலில் கோடு இழுத்திருப்பார், ஒரு கோலுக்கு ஒரு கோடு. மற்ற ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கோடு கிடையாது.

கோல் கணக்கு என்பது அப்படி யாராவது உட்கார்ந்து எழுதி வைத்தால்தான் நிற்கும். பெலே 1969 நவம்பர் 19ஆம் தேதி மரக்கானா அரங்கத்தில் ஆயிரமாவது கோலைப் பெனால்டியில் போட்டார். அந்த ஆயிரத்தில் சாந்தோஸ் அணி ஊர் ஊராகப் போய் ஆடிய நட்புமுறை ஆட்டங்களும் அடக்கம். அதிகாரபூர்வ ஆட்டங்களை மட்டும் எடுத்தால் அவருடைய மொத்தக் கணக்கு ஐந்நூறுக்கும் மேல் குறைந்துவிடும். அந்தக் காலத்து ஆஸ்திரிய-செக் ஆட்டக்காரர் ஜோசஃப் பீட்சானுக்கு 800க்கு மேல் என்கிறார்கள். பிராகின் ஸ்லாவியா அணிக்காக அவர் குவித்ததில் பெரும்பகுதி உலகப் போர்க் காலத்து லீக் ஆட்டங்களில் வந்தது, அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அலி டாயிக்குக்கூடப் பல காலம் 109 என்றிருந்தது, இப்போது 108.

மொக்தார் கணக்கிலும் இதே சிக்கல்தான். அந்த நாளில் மெர்டேக்கா கிண்ணப் போட்டிக்குச் சில நாடுகள் முழுத் தேசிய அணியை அனுப்பும், சில நாடுகள் இரண்டாம் அணியை அனுப்பும். ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் ஆசிய நாடுகள் முதல் அணியைத்தான் இறக்கின, ஆனாலும் அந்த ஆட்டங்களை எண்ணுவதா என்பதில் புள்ளிவிவரக்காரர்கள் ஒத்துப்போவதில்லை. ஃபிஃபா 89 என்று ஏற்றிருக்கிறது. எனக்கு அது போதும்.

சராசரியையும் பாருங்கள். ஆட்டத்துக்கு 0.63. மூன்று ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு கோல். ரொனால்டோ தேசிய அணிக்காக ஆடும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். (புஸ்காஸ் வேறு ரகம், 85 ஆட்டத்தில் 84. அவரோடு யாரையும் வைத்துப் பேச எனக்கு மனசு வராது.)

2024 செப்டம்பரில் ரொனால்டோ குரோவேஷியாவுக்கு எதிராக, கிளப் நாடு எல்லாம் சேர்த்து 900ஆவது கோலைப் போட்ட இரவு செந்தூலில் ஒரு மாமாக் கடையில் இருந்தேன். இங்கே ஆட்டம் தொடங்கியது விடிகாலை 2.45க்கு. அவர் புல்லில் மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டதும் கடையே எழுந்துவிட்டது. பக்கத்து மேசையில் போர்ச்சுகல் சட்டை போட்ட ஒரு காலேஜ் பையன், கண்ணெல்லாம் நீர். "அங்கிள், நம்ம நாட்டுல இந்த மாதிரி யாராச்சும் இருந்தாங்களா?" என்றான். பெயரைச் சொன்னேன். ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு, "37 வயசுலயே செத்துட்டாரா?" என்று என்னையே பார்த்தான். ஆமாம், 1991 ஜூலை 11. மோட்டார் நியூரோன் நோய். நாடு முழுக்க ரசித்த கால்களைத்தான் அந்த நோய் முடக்கியது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண் பெண் என்று பிரிக்காமல் பார்த்தால் தேசிய அணிக்காக அதிகக் கோல் போட்டவர் கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேர், 190. பட்டியல் அனுப்புகிறவர்கள் அவரையும் சேர்த்து அனுப்பினால் நன்றாக இருக்கும்.

உங்கள் வீட்டில் எழுபதுகளில் மெர்டேக்கா அரங்கத்துக்குப் போன அப்பாவோ தாத்தாவோ இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த ஆட்டம், எதிரணி யார், மொக்தார் எத்தனை போட்டார், ஆறுமுகம் எதைத் தடுத்தார். பழைய டிக்கெட், பத்திரிகைத் துண்டு எது இருந்தாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்பாவின் நோட்டில் 1977க்குப் பிறகு பல பக்கங்கள் காணோம். அதை நிரப்ப ஆரம்பித்திருக்கிறேன்.