கிழட்டு இன்ஜினும் மூன்று வைத்தியர்களும்

அண்ணாச்சிக்குப் படகு வந்து சேர்ந்ததே தனிக் கதை. காகாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் நாலு வருஷமாகத் திரும்பவில்லை. கேட்கப் போன இடத்தில் காகா தோளில் கையைப் போட்டு, 'படகுல பாதி இனிமே உன்னது' என்று சொல்லிவிட்டார். எந்தப் பாதி என்று அண்ணாச்சி கேட்டுக்கொள்ளவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, இன்ஜின் இருக்கிற பாதி.

மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. மும்பையில் ட்ராம்பே கோலிவாடா என்கிற மீனவர் குடியிருப்புக்காரர், எழுபது வயதிருக்கும். அண்ணாச்சி கரையில் நின்று "காக்கா, ஓ காக்கா" என்று கூப்பிடும்போது, அமாவாசைக்குச் சோறு வைத்துவிட்டுக் கூப்பிடுவது போலவே இருக்கும். அண்ணாச்சிக்கு வீடு பக்கத்திலேயே, சீத்தா கேம்ப். 1976-ல் ஜனதா காலனியைக் காலி பண்ணி எல்லாரையும் இங்கே கொண்டுவந்து விட்டபோது டவுசர் போட்ட பையனாக வந்தவர். லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போனபோது தாத்தா தோட்டத்தில் ஆயில் இன்ஜின் ஓட்டியிருக்கிறார். மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருக்கும் தகுதி அது ஒன்றுதான். எனக்கு அதுவும் கிடையாது. செம்பூரில் கணக்கு எழுதுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவன்.

இன்ஜின் இரண்டு சிலிண்டர். நேம் பிளேட்டைத் துரு தின்றுவிட்டதால் பெயரும் தெரியாது, வயதும் தெரியாது. செல்ஃப் ஸ்டார்ட் எல்லாம் இல்லை, ஹேண்டில்தான். ஒருத்தர் சிலிண்டரின் அமுக்கத்தைத் தளர்த்துகிற டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் மூச்சு வாங்கச் சுற்ற வேண்டும். வேகம் ஏறினதும் சுற்றுகிறவர் "விடு!" என்று கத்துவார், லிவரை விட வேண்டும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாதே, அமுக்கின காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றியாக வேண்டும். அதனால் அரைகுறையாகச் சுற்றினால் அது ஒரு தும்மலோடு நிறுத்திக்கொள்ளும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைக்கணும், சுற்றிப் பிடிக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் முதல் பாடம். இன்ஜின் திருப்பி உதைத்தால் விரல் போய்விடும். அவருடைய வலது கட்டைவிரல் லேசாகக் கோணலாக இருக்கும். எப்படி என்று நான் கேட்டதில்லை.

இங்கே மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம்ம கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14. மாதம்தான் வேறு, இரண்டுமே 61 நாள். அந்த இரண்டு மாதமும் படகைக் கரையேற்றி வைத்துப் பராமரிப்பு. ஆயில் மாற்றினோம். தண்ணீர் பம்பைப் பிரித்து, உள்ளே ரப்பர் இறக்கை இரண்டு கிழிந்திருந்த இம்பெல்லரை மாற்றினோம். டீசல் ஃபில்டர் புதிது. டேங்கைக் கழுவி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் பந்தோபஸ்து பண்ணியது மட்டும் முழுக்க முழுக்க என் வேலை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தடை முடிந்து, நாரளி பூர்ணிமா என்கிற பௌர்ணமித் திருவிழாவுக்குக் கடலில் தேங்காய் விட்டு, எல்லாப் படகும் போய் வந்துகொண்டிருந்தன. எங்களுடையது மட்டும் பதினைந்து நாள் கழித்து, அமாவாசைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டரைக்குக் கிளம்பியது. தண்ணீர் கரை தளும்ப நின்றது. ஒரே சுற்றில் ஸ்டார்ட். அண்ணாச்சி புகையைப் பார்த்து ஜாதகம் சொன்னார். "கறுப்பா வந்தா காத்து பத்தல, நீலமா வந்தா ஆயில் எரியுது. இது பாரு, கண்ணுக்கே தெரியல. சுத்த ஜாதகம்டே."

பத்து நிமிஷம் ஓடியிருக்கும். சத்தம் மெல்ல இறங்கி, இரண்டு இருமல் இருமி, நின்றுவிட்டது.

காகா முதலில் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். டீசல் நிறைய இருந்தது. மூடினார். "டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கு" என்றார் அண்ணாச்சி. ஃபில்டர் மேலே இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பம்பின் சின்ன லிவரைக் கையால் அடித்தோம். முதலில் காப்பி நுரை மாதிரி வந்து, அப்புறம் நுரை இல்லாத டீசல் வந்தது. முறுக்கிச் சுற்றினோம், ஓடியது. "பாத்தியா, எல்லாம் ஏர் எடுத்ததுலதான் இருக்கு" என்றார்.

இன்னொரு பத்து நிமிஷம். மறுபடி இருமல்.

காகா மறுபடி மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். இந்தத் தடவை ஏர் எடுக்க விடவில்லை. பலகைக்கு அடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து முன்பக்கம் உடைத்து, பாதியைக் கடலுக்கும் பாதியை எனக்கும் கொடுத்தார். பம்ப் லிவரை நாலு அடி அடித்துச் சுற்றினால், ஓடியது. மூன்றாம் முறை நின்றபோது, காகா வழக்கம்போல மூடியைத் திறந்து பார்த்து மூடின பிறகு, அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. அந்த இன்ஜினின் பரம்பரையையே இழுத்து நெல்லைத் தமிழில் திட்டி, ரிங் ஸ்பானரால் தலையில் ஒன்று வைத்தார். அதற்கும் ஓடியது.

நாலாவது முறை நின்றபோது படகும் அசையவில்லை. இந்த நேரத்துக்கு நடு ஓடையில் ஆழத்தில் இருக்க வேண்டியவர்கள், நின்று நின்று போனதில் மேட்டுக்கு ஒதுங்கியிருந்தோம். "ஓஹோட்டி" என்றார் காகா, யாரோ விருந்தாளி வந்ததைச் சொல்கிற மாதிரி. வற்று. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டரையும் தாண்டும். அரை மணி நேரத்தில் எங்களைச் சுற்றிக் கடல் இல்லை, பளபளவென்று சேறு மட்டும். கொக்குகள் எங்களைத் தாண்டி நடந்தே போயின.

மணி நாலு. தண்ணீர் திரும்ப இரவு ஒன்பது ஆகும்.

கரையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் தெரிந்தது. நாட்டின் முதல் அணு உலையான அப்சரா 1956-ல் இயங்கத் தொடங்கியது அங்கேதான். அதைப் பார்த்தபடி நாங்கள் மூன்று பேர் ஹேண்டிலும் தேங்காய் மூடியுமாக உட்கார்ந்திருந்தோம். வீட்டிலிருந்து போன் வந்தது. "எங்க இருக்கீங்க?" என்றாள். "கடல்ல" என்றேன். "அலைச் சத்தமே காணோமே?" என்றாள். உண்மையைச் சொன்னால் நம்பும்படி இருக்காது என்று சிக்னல் போனதாக நடித்துவிட்டேன்.

அண்ணாச்சி வீட்டுப் புளியோதரை தீர்ந்த பிறகு பொழுது போகவில்லை. இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1913-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது ராத்திரியோடு ராத்திரியாகக் கடலில் காணாமல் போனதைச் சொன்னேன். அது நீராவிக் கப்பல் என்றும் சொன்னேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "டீசல் இன்ஜினை நம்பி ஏறல பாத்தியா. விவரமான ஆளுடே."

இருவரும் கண் அசந்த நேரத்தில், டீசல் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாமே என்று நான் டேங்க் மூடியைத் திருகினேன்.

புஸ்ஸ்ஸ்.

பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் இது கேட்டிருக்கவே முடியாது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு எம்-சீல் உருண்டை. அதன்மேல் என் பெருவிரல் ரேகை, ஆதார் கார்டுக்குக் கொடுத்த மாதிரி அவ்வளவு தெளிவாக.

மழைக்காலத்தில் அந்த மூடியில் ஒரு பொடி ஓட்டையைப் பார்த்து, துரு தின்றது என்று நினைத்து அடைத்தவன் நான்தான். அது டேங்க் மூச்சு விடுகிற ஓட்டை. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வழியை அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் சேர்ந்து, பம்ப் இழுத்தாலும் டீசல் வராது. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் களக் களக் என்று முக்கும், எதிர்ப் பக்கம் இன்னொன்று போட்டால்தான் தாரையாக விழும். எங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியும். ஆக, மூன்று முறையும் இன்ஜினைக் குணப்படுத்தியது காகா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தது மட்டும்தான். ஏர் எடுத்தது, தேங்காய், வசவு எல்லாம் அதற்கப்புறம் வந்து பெயர் வாங்கிக்கொண்டவை.

சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் சேறு, ரிங் ஸ்பானர் அண்ணாச்சி கைக்கெட்டும் தூரத்தில். மூடியை இறுக்காமல் வைத்து, மேலே ஒரு வேஸ்ட் துணியைப் போட்டேன். ஒன்பது மணிக்குப் படகு மிதந்தது. ஏர் எடுத்து, நாலு சுற்றுச் சுற்றினோம். நிற்காமல் ஜெட்டி வரைக்கும் ஓடியது.

"நான் போட்ட போடு அப்படி" என்றார் அண்ணாச்சி. காகா ஒன்றும் சொல்லாமல் கடலைப் பார்த்துக் கும்பிட்டார். இப்போது ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது ஒரு தேங்காய் உடைபடுகிறது, செலவு ஆளுக்குப் பாதி. சிலிண்டர் தலையில் ஸ்பானர் விழுகிற இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து வட்டமாகிவிட்டது. எம்-சீலை அடுத்த வாரமே போய் ஆணி வைத்து அரை மணி நேரம் சுரண்டி எடுத்துவிட்டேன், யாரும் பார்க்கவில்லை.

போன ஞாயிறு அண்ணாச்சி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல ஒரு ஓட்டை இருக்குடே. மழைத் தண்ணி இறங்கிரும். ஓடிப் போய் ஒரு எம்-சீல் வாங்கிட்டு வா."

கடை லீவு என்று சொல்லியிருக்கிறேன்.