ஒரே ஜன்னலின் வெளிச்சம்

சென்ற மார்கழி முதல் எங்கள் வீட்டுச் சமையலறையின் கிழக்கு ஜன்னலையும் அதன் வழியே வரும் வெளிச்சத்தையும் மட்டுமே படம் எடுத்து வருகிறேன். அதற்கு முன் பத்து ஆண்டுகள் மலை, கோயில், திருவிழா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஷட்டர் வேகம், அபர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் கைக்குத் தானாகவே வரும் அளவுக்குப் பழகிவிட்டன. ஆனால், அந்தப் படங்களைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தபோது, அங்கே போன எவரும் எடுத்திருக்கக்கூடிய படங்களாகவே அவை இருந்தன. அந்த வருத்தம் நெடுநாள் என்னை விடவில்லை.

அப்போது எனக்குத் துணையாக வந்தவை யோசெப் சுடெக்கின் படங்கள். 1896இல் இன்றைய செக் நாட்டின் கோலின் நகரில் பிறந்த அவர், முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தார். ஒற்றைக் கையோடு கனத்த கேமராக்களைச் சுமந்து பிராக் நகரெங்கும் படம் எடுத்தார். நாஜிகளின் பிடியில் நகரம் சிக்கி, வெளியே படம் எடுப்பது கடினமாகிவிட்ட நாட்களில், 1940இல் தன் ஸ்டுடியோவின் ஜன்னல் பக்கம் திரும்பியவர், 1954 வரை அதையே திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் படிந்த ஈரமும் உறைபனியும், அதற்கு அப்பால் தோட்டத்தில் முறுகி நிற்கும் ஒரு மரமும் அவருக்கு அத்தனை ஆண்டுகளும் அலுக்கவில்லை. அந்தப் படங்களின் முன் எனக்கு என்ன லென்ஸ் என்ற கேள்வியே எழவில்லை. அந்த மனிதர் அந்த ஜன்னலருகே எவ்வளவு நேரம் சும்மா இருந்திருப்பார் என்றுதான் தோன்றியது.

நானும் சும்மா இருக்கப் பழகினேன். முதல் வாரம் கேமராவைத் தொடவே இல்லை. மார்கழியில் சூரியன் தென்கிழக்கே உதிப்பதால், ஜன்னல் கம்பிகளின் நிழல் எதிர்ச்சுவரின் வடக்கு ஓரத்தில், பாத்திர அடுக்கின்மேல் விழுந்தது. தை, மாசி என்று நாள் போகப் போகச் சிறிது சிறிதாகத் தெற்கே நகர்ந்து, சித்திரையில் அம்மா உட்கார்ந்து கீரை ஆயும் மூலைக்கு வந்து சேர்ந்தது. உத்தராயணம் என்ற சொல்லைச் சிறுவயது முதல் கேட்டு வந்திருந்தாலும், அதைக் கண்ணால் கண்டது எங்கள் வீட்டுச் சுவரில்தான்.

ஒருநாள் காலை, முறத்தில் குவிந்திருந்த முருங்கைக்கீரையின்மேல் வெயில் பட்டு, இலைகளின் பச்சை அம்மாவின் உள்ளங்கையில் ஏறியிருந்தது. காம்பிலிருந்து இலையை உருவும் அந்த விரல்களை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று படம் எடுக்கவில்லை. எடுத்தாக வேண்டும் என்ற பதைப்பும் இல்லை. அடுத்தடுத்த நாட்களிலும் அதே நேரத்துக்கு அங்கே போய் உட்கார்ந்தேன். நான்காம் நாள் ஒரே ஒரு படம் எடுத்தேன். இதுவரை எடுத்தவற்றில் என்னுடையது என்று தயங்காமல் சொல்லக்கூடிய படம் அதுதான்.

எடுத்தவற்றில் சிலவற்றை மாதம் ஒருமுறை பிரிண்ட் போட்டு, தேதி எழுதாமல் ஒரு நோட்டில் ஒட்டி வைக்கிறேன். போன வாரம் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் புரட்டினார். ஜன்னல் விளிம்பில் தண்ணீர் டம்ளர் இருக்கும் படத்தின்மேல் விரலை வைத்து, "இது மாசியில எடுத்ததுப்பா, வெளியில முருங்கை பூத்திருக்கு பாரு" என்றார். டம்ளரில் மட்டுமே ஃபோகஸ் வைத்து நான் எடுத்த படம் அது. அதன் பின்னால் மங்கலாகத் தெரிந்த வெள்ளைப் பூங்கொத்தை அதுவரை நான் பார்த்திருக்கவில்லை.