எழும்பூர் பவளக்கூடும் காசிமேட்டு வலையும்

சென்னைக்கு எதிரே கடலில் பவளத்திட்டு கிடையாது, அதைப் பார்க்க பாக் விரிகுடாவுக்கோ மன்னார் வளைகுடாவுக்கோதான் போக வேண்டும். நீண்ட வார இறுதி, தூத்துக்குடி ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட்டே நூறைத் தாண்டி நின்றது. சரி, ஊருக்குள் என்ன இருக்கிறது பார்ப்போம் என்று எழும்பூர் மியூசியத்துக்குக் கிளம்பிவிட்டேன் (வெள்ளிக்கிழமை லீவு, கவனம்).

கூட்டமெல்லாம் வெண்கலச் சிலைகள் பக்கம்தான். விலங்கியல் பகுதியில் பவளக்கூடுகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளிடம் யாரும் நிற்பதில்லை, அதுவும் ஒரு வசதிதான், மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்க்கலாம். கூட்டின் மேல் முழுக்கக் குட்டிக் குட்டிக் குழிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய சுண்ணாம்புத் தடுப்புகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்ன உயிரி இருந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது பழுப்பும் பச்சையுமாக இருப்பது, சதை போன பிறகுதான் இப்படி வெள்ளையாகிறது.

அந்தச் சதையைத்தான் நோய் தின்கிறது. கருவளைய நோய் என்று ஒன்று உண்டு, நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒரு கறுப்புக் கோடாகப் பவளத்தின் மேல் நாளுக்குச் சில மில்லிமீட்டர் நகரும், கோட்டுக்கு முன்னால் உயிருள்ள பவளம், பின்னால் வெறும் எலும்பு. அதைவிட மோசமானது 2014-இல் அமெரிக்காவின் மியாமி அருகே முதலில் தென்பட்ட, கல் பவளங்களின் திசுவை உரித்தெடுக்கும் நோய். இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கி, கரீபியன் கடலின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. அங்கே டைவர்கள் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த பசையை எடுத்துக்கொண்டு கடலுக்கடியில் இறங்கி, புண்ணின் ஓரத்தில் பூசுகிறார்கள். ஆமாம், காய்ச்சல் வந்தால் நாம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் அதே அமாக்சிசிலின்தான்! பூசிய புண் பெரும்பாலும் நின்றுவிடுகிறது, ஆனால் அதே பவளத்தில் வேறு இடத்தில் புதுப் புண் வருவதை அது தடுப்பதில்லை. ஒவ்வொரு பவளமாகத் தேடிப் பூசி எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

மருந்தைவிட, புண் வராமல் பார்ப்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றக் காரணம் 2018-இல் வந்த ஓர் ஆய்வு. ஆசிய பசிபிக் பகுதியில் 159 திட்டுகளில் ஒரு லட்சத்து 24 ஆயிரம் பவளங்களைப் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதம், பிளாஸ்டிக் சிக்கியதற்கு 89 சதவீதம். பிளாஸ்டிக் உரசிக் காயமாக்குகிறது, வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் மறைக்கிறது, கிருமிக்கு வழி விடுகிறது.

பிளாஸ்டிக் என்றதும் கேரி பேக்தான் ஞாபகம் வரும், ஆனால் வலையும் பிளாஸ்டிக்தானே. அதனால் அப்புறம் போனது காசிமேடு. மத்தியானம் ஏலக் கூட்டம் கலைந்து, மீன் வாடை மட்டும் பாக்கி. நிழலில் ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் நைலான் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார்.

"வலை பார்ல மாட்டிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்கண்ணே?" என்று கேட்டேன் (பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு).

"இன்னா பண்றது தம்பி, இழுத்துப் பாப்போம், வரலன்னா அறுத்து வுட்டுட்டு வர வேண்டியதுதான். வலைக்காகப் படகையே வுட முடியுமா?"

அவரைக் குறை சொல்ல முடியாது, வலை போனால் நஷ்டம் அவருக்குத்தான். பழைய வலையைக் காசு கொடுத்து வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் திட்டத்தை அரசு இங்கே தொடங்கியிருக்கிறது, நல்ல விஷயம். அதைப் பற்றிக் கேட்டேன்.

"கரைக்கு வந்த வலைக்குத்தான காசு," என்றார் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பார்ல கெடக்கிறத யாரு போய் எடுக்கிறது?"

டைவர்களை வைத்து எடுக்கலாம், அதற்கும் கிலோ கணக்கில் காசு கொடுக்கலாம் என்றேன். எவ்வளவு தருவார்கள் என்று உடனே கேட்டார்.