பம்பரத்தில் இரண்டு ‘ப’

சென்னையில் கால் சென்டருக்கு வரும் புதியவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பது சில வருடங்கள் என் வேலை. வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. இலக்கணம் பிசகாமல் பேசுவார்கள். ஆனால் அமெரிக்க வாடிக்கையாளருக்குப் போனில் ஒரு பெயரைச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

குண்டூசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. குப்பைத்தொட்டியை நம்மில் பலர் சரியாகவே சொல்லிவிடுவார்கள். சிக்கல் குண்டூசியில். சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த ஒலியை ஆங்கிலக்காரர்கள் கொஞ்சம் காற்றோடு தள்ளுவார்கள். நம் பல், பால், பழம் எதிலும் அந்தக் காற்று கிடையாது. காற்று இல்லாவிட்டால் அமெரிக்கக் காதில் குண்டூசி குப்பைத்தொட்டியாக விழுகிறது. டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். குண்டூசிக்குப் பேப்பர் ஆட வேண்டும். ‘ஸ்பின்’ என்றால் ஆடக் கூடாது, எஸ்ஸுக்குப் பின்னால் அவர்களுக்கும் அந்தக் காற்று வராது.

அப்புறம் பம்பரம். தொண்டையில் கை வைத்து மெதுவாகச் சொன்னால் இரண்டாவது ‘ப’ அதிர்வது கைக்குத் தெரியும். “சார், ரெண்டும் வேற வேற!” என்று யாராவது கத்துவார்கள். இரண்டு ஒலியும் நம்மிடம் உண்டு. இடத்தைப் பொறுத்துத் தானாக மாறிக்கொள்வதால் காது அவற்றைப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

உயிரொலிகள் இன்னும் பாடு. ஆங்கில எழுத்தில் ஐந்து, பிரிட்டிஷ் பேச்சில் வழக்கமான கணக்குப்படி 20. ‘பனானா’வில் நடுவில் இருப்பதுதான் முழு உயிர், முன்னும் பின்னும் மங்கிவிடும். குற்றியலுகரம் படித்தவர்களுக்கு உயிர் குறுகுவது புதிதில்லை என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

எஸ், எஃப் குழப்பத்துக்கு மட்டும் நான் யாரையும் திட்டியதில்லை. பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. லண்டன்காரரும் ‘எஸ் ஃபார் சியரா’ என்றுதான் சொல்லியாக வேண்டும்.

நிர்வாகத்துக்கோ நாக்கைச் சுருட்டும் அமெரிக்க ‘ஆர்’ வேண்டும். அது வெறும் வேஷம் என்பது என் கட்சி. முதலில் காது பிரித்துக் கேட்கப் பழகட்டும் என்று, முதல் சில நாட்கள் ஒலிப்பதிவுகளைப் போட்டு, கேட்டது குண்டூசியா குப்பைத்தொட்டியா என்று டிக் அடிக்க மட்டும் வைப்பேன். மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், பேச்சுப் பயிற்சியில ஒருத்தரும் வாயே திறக்கலையே?” என்பார்.