பைப் போட்டுப் பழக எஃப்இசட்எஃப்

ரெட் ஹேட்டின் லினக்ஸ் நிர்வாகத் தேர்வான ஆர்எச்சிஎஸ்ஏ பரீட்சைக்குப் படிக்கும் தம்பி தங்கச்சிகள் பலரும் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிப்பது), பெர்மிஷன் என்று ஓடிவிட்டு, ஒரு கமாண்டின் விடையை அடுத்த கமாண்டுக்கு அனுப்பும் பைப்பைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். திருநகர் ரூமில் நாங்கள் சேர்ந்து படித்தபோது இதற்குக் கைகொடுத்தது எஃப்இசட்எஃப், டெர்மினலில் அடிக்க அடிக்கத் தேடித்தரும் சின்ன டூல். ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட் வேண்டியதில்லை.

கிட்ஹப்பிலிருந்து குளோன் பண்ணி, உள்ளே இருக்கும் இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். மூன்று கேள்வி கேட்கும், மூன்றுக்கும் 'ஒய்'. புது டெர்மினலில் கன்ட்ரோல்-ஆர் அடித்தால் பழைய கமாண்டுகளைத் தேடலாம். முக்கால்வாசிப் பேர் இதோடு நின்றுவிடுகிறார்கள்.

நமக்கு வேண்டியது பிரிவியூ, அதாவது எஃப்இசட்எஃப் பக்கத்தில் காட்டும் முன்னோட்டம். பிரிவியூ கமாண்டாக 'இவால்' (கொடுத்த வரியைக் கமாண்டாக ஓட்டுவது), அதன் பக்கத்தில் நெளிவு அடைப்புக்குள் 'கியூ' எழுத்து (நீங்கள் அடித்த வரியைக் குறிப்பது). அவ்வளவுதான், நீங்கள் அடிக்க அடிக்க அந்த வரி ஓடி விடை பக்கத்திலேயே தெரியும். பிரின்ட்-குவெரி ஆப்ஷனையும் சேர்த்தால், என்டர் அடித்து வெளியே வரும்போது வரி கையில் மிஞ்சும்.

லாகின் முயற்சிகள் பதிவாகும் செக்யூர் லாகில் தப்பான பாஸ்வேர்டு அடித்த ஐபிக்களை எண்ணிப் பாருங்கள். 'ஃபெயில்டு பாஸ்வேர்டு' உள்ள வரிகளை கிரெப் பண்ணி, வரியைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் ஆக்-கில் 11-ஆவது சொல்லை எடுத்தால், ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள யூசருக்கு) முயன்ற வரிகளில் ஐபி வரும். இல்லாத யூசர் பெயரில் முயன்ற வரிகளில் 'இன்வேலிட் யூசர்' என்று இரண்டு சொல் நடுவில் நுழைந்துவிடும். அதனால் அதே இடத்தில் யூசர் பெயர்தான் விழும். ஐபிக்களுக்கு நடுவே 'அட்மின்', 'டெஸ்ட்' என்று முளைப்பது உடனே கண்ணில் படும். கடைசியிலிருந்து எண்ணுங்கள்: என்எஃப் (வரியில் உள்ள மொத்தச் சொற்கள்) கழித்தல் 3. இரண்டு வகை வரிக்கும் சரியாக வரும். அடுத்து, ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ண யூனிக். அது அடுத்தடுத்த வரிகளை மட்டுமே சேர்க்கும், ஆகவே முன்னால் வரிசைப்படுத்தும் சார்ட். சார்ட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒரே ஐபி பல இடங்களில் தனித்தனியாக நிற்கும்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. எழுத்துக்கு எழுத்து வரி ஓடுகிறது. ஃபைலை அழிக்கும் ஆர்எம் கமாண்டை அடித்தால், பாதையை முழுசாக அடிக்கும் முன்பே, அதுவரை அடித்த பாதிப் பாதையில் இருப்பது அழிந்திருக்கும். ரூட்டில் இதைத் திறக்கவே வேண்டாம்; லாகைக் காப்பி எடுத்து, சாதா யூசரில் பழகுங்கள்.

பரீட்சையில் நெட் கிடையாது, எஃப்இசட்எஃப்பும் கிடையாது. துணைக்கு லினக்ஸிலேயே இருக்கும் கமாண்ட் விளக்கமான மேன் பக்கங்கள்தான். 300-க்கு 210 எடுக்க வேண்டும். அதனால் கடைசி வாரங்களில் பழக்கத்தைத் திருப்பிப் போடுங்கள்: ஒவ்வொரு பைப்புக்குப் பிறகும் என்ன வரும் என்று முதலில் நோட்டில் எழுதுங்கள், அப்புறம் பிரிவியூவைத் திறந்து சரிபாருங்கள்.